அட்டை குத்தும் உரிமை

ஜப்பானிய ஸேகா கம்பெனியும், மதுபான வியாபாரத்தில் பெயர்பெற்றிருந்த நம் நாட்டு ஷா வாலஸ் ஸ்தாபனமும் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கைகோத்து, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டில் விளையாடும் வீடியோ கேம் யந்திரங்களை இந்தியாவில் விற்பதென்று உடன்படிக்கை செய்துகொண்ட சங்கதியை இன்று ஞாபகம் வைத்திருப்போர் மிகச் சிலரே. அந்நாளில் இத்தகைய சாமான்களின் மேல் விழுந்த 80 சதவீத இறக்குமதி வரியிலிருந்து தப்புவதே உடன்படிக்கையின் பிரதான நோக்கம். அவ்வாறு வழி தேடியும் ‘மெகா டிரைவ்’ என்ற அந்த யந்திரத்தின் விலை இங்கே 18,000 ரூபாயில் வந்து நின்றது. 1988ஆம் ஆண்டிலேயே ஜப்பானியக் கடைகளுக்கு வந்து, 1994ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஸாட்டர்ன்’ என்றும் ‘பிளேஸ்டேஷன்’ என்றும் அடுத்த தலைமுறை பிறந்தபோதே மூப்பெய்திவிட்ட ஒரு பொருளை, வண்ணத் தொலைக்காட்சி வாங்குவதற்கே சீட்டுக் கட்டிச் சேமித்த குடும்பங்கள் அந்த விலை கொடுத்து வாங்கும் என்று எண்ணியது நிறைவேறவில்லை. பெருநகரங்களில் வசதி படைத்த சில வீடுகளோடு அதன் யாத்திரை முடிந்துபோயிற்று. ஸேகாவும் 2001ஆம் ஆண்டில், ‘டிரீம்காஸ்ட்’ என்ற தன் கடைசி யந்திரத்தை நிறுத்தியதோடு, யந்திரம் செய்யும் தொழிலையே கைவிட்டு, ஆட்டங்களை மட்டும் எழுதும் கம்பெனியாக மாறியது.

தோற்றுப்போன ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பட்டு நெய்யும் ஆரணியிலிருந்து எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். வெளியிலிருந்து வரும் ஒரு யந்திரம் ஓர் ஊரில் எப்போது வேரூன்றுகிறது, எப்போது பட்டுப்போகிறது என்ற வினா, இவ்வூரில் ஜீவனத்தைத் தொட்ட வினா. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரிலும், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் தறிக்கு மேலே உட்கார்ந்து பூவேலைக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டியும் அயல்நாட்டில் பிறந்த யந்திரமே. ஆனால் அதை அயல்நாட்டுச் சாமான் என்று எண்ணும் நெசவாளி எவரும் இங்கே இல்லை. மெகா டிரைவோ வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று ஆராய்வது, இனி வரப்போகும் யந்திரங்களை எதிர்கொள்வதற்குப் பெரிதும் பிரயோஜனப்படும் என்பது என் அபிப்பிராயம்.

விலைதான் காரணம் என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. மெகா டிரைவ் எட்டாத ஆரணித் தெருக்களில், அதே காலத்தில், அதன் விலையில் மிகச் சிறு பங்குக்கு வேறொரு பெட்டி குடிபுகுந்தது. லிட்டில் மாஸ்டர், விஸ் கிட் என்று பெயர் தாங்கியும், பெயரே இல்லாமலும் வந்த அந்தப் பெட்டிகள், நின்டென்டோ கம்பெனி 1983ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ யந்திரத்தின் நகல்கள். பள்ளி விட்டு வந்ததும் மஞ்சள் கேசட்டைச் செருகி, படம் வராவிட்டால் உருவி எடுத்து அதன் செம்புப் பல்வரிசையில் வாயால் ஊதி மறுபடியும் செருகி, மாரியோவும் காண்ட்ராவும் ஆடிய பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். கேசட்டின் முகப்பில் 9999 ஆட்டங்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே வேறு வேறு எண்களின் கீழ் திரும்பத் திரும்ப வரும். திருகாணியைக் கழற்றிக் கேசட்டைப் பிரித்தால், ஓடு பெரிதாக இருக்குமே தவிர, உள்ளே விரல்நீளப் பச்சைப் பலகை ஒன்றும், அதன் நடுவில் சில்லை மூடி ஊற்றிய கறுத்த பசைப் பொட்டு ஒன்றுமே இருக்கும். அந்தப் பொட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கும் வழியில்லை, மாற்றி எழுதுவதற்கும் வழியில்லை. பதினெட்டாயிரம் ரூபாய் யந்திரமும், மலிவான அதன் போட்டியும் இந்த ஒரு விஷயத்தில் சமமாகவே இருந்தன. நம்மவர்கள் வாங்கினார்கள், ஆடினார்கள், பழுதானபோது காயலான் கடையில் போட்டார்கள். ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட எழுதவில்லை.

விலையும் வரியும் மட்டுமே விதியைத் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்குப் பிரேஸில் தேசம் பிரத்தியட்ச சாட்சி. அங்கும் இறக்குமதிப் பண்டங்களுக்கு எதிராக உயர்ந்த வரிச்சுவர் இருந்தது. அங்கும் ஸேகா ஓர் உள்நாட்டுக் கம்பெனியின் துணையோடுதான் நுழைந்தது. 1987ஆம் ஆண்டில் தோன்றிய டெக்டாய் என்ற அந்தக் கம்பெனி, அமேஸான் காட்டு நடுவிலுள்ள மனாவஸ் நகரத்தில் தன் தொழிற்சாலையில் யந்திரங்களைச் செய்து, 1989ஆம் ஆண்டில் ஸேகாவின் ‘மாஸ்டர் சிஸ்டம்’ என்ற பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அத்தோடு நில்லாமல், பெட்டிக்குள் ஓடும் ஆட்டங்களில் கைவைக்கும் அனுமதியையும் பெற்றது. ‘ஃபாண்டஸி ஸ்டார்’ என்ற நீண்ட கதை ஆட்டம் போர்த்துகீசிய பாஷையில் பேசியது. மவுரிஸியோ டி ஸௌஸா வரைந்த மோனிக்கா என்ற சிறுமி, அத்தேசத்துக் குழந்தைகள் அனைவரும் அறிந்த சித்திரக்கதைப் பாத்திரம்; 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆட்டம் ஒன்றின் நாயகனை அகற்றிவிட்டு, அவன் இடத்தில் அந்தச் சிறுமியை நிறுத்தினார்கள். உலகத்தில் பிற இடங்களில் மாஸ்டர் சிஸ்டம் மறைந்து பல வருஷங்கள் சென்ற பின்னும் பிரேஸிலில் அது விற்றுக்கொண்டிருந்தது. 2016ஆம் ஆண்டு வரையில் சுமார் 80 லட்சம் பெட்டிகள் அங்கே விலைபோயின. யந்திரம் அதேதான், அதற்குள் ஓடுவதை எழுதும் கை உள்ளூர்க் கையாக இருந்தது. சிவகாசிப் பட்டாசும் ஆடிப்பெருக்கும் தெருக்கூத்தும் அறிந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, தன் பாஷையில் ஒரு வரியாவது பேசும் ஆட்டத்தை 1995ஆம் ஆண்டில் எவரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் எவர் சிந்தையிலும் உதித்ததாகத் தெரியவில்லை.

இப்போது தறிக்கு வருவோம். லியோன் நகரத்து ஜோஸப் மாரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய யந்திரம், பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து, அடை கட்டிப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து இழை தூக்கிக் கொடுக்க நெய்த பழைய முறையை மெல்ல மெல்ல விலக்கியது. அதன் வேலை முறையை ஒரு தரம் அருகில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழைக்குத் துளையிட்ட ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உட்புக, அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி தன் நிலையில் நின்று, மிதியை மிதிக்கும்போது மேலேறும் கத்தியில் மாட்டிக்கொண்டு தனக்குரிய பாவு இழைகளைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ள, கொக்கி கத்திக்கு விலகி, இழை கீழேயே தங்கும். தூக்கு, தூக்காதே என்ற இவ்விரண்டு கட்டளைகளைக் கொண்டே அன்னமும் யாளியும் மாங்காயும் ருத்திராட்சமும் ஜரிகையில் எழுந்து நிற்கின்றன. 1839ஆம் ஆண்டில் லியோன் நெசவாளர்கள் ஜக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். அப்படி நெய்த படமொன்றைத் தம் வீட்டில் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர், கணக்கிடும் யந்திரத்துக்கும் இதே அட்டைகளைக் கொண்டு கட்டளையிடலாம் என்று திட்டமிட்டார். கம்ப்யூட்டரின் வம்சாவளியில் தறிக்கு உள்ள ஸ்தானம் அதனால் சரித்திரப் பூர்வமானது. கேசட்டுக்குள் இருந்த சில்லும் அட்டையின் வழித்தோன்றலே.

ஆனால் நான் வற்புறுத்த விரும்புவது வம்சாவளியைப் பற்றியன்று. ஜக்கார்டு பெட்டி இங்கே வந்தபோது அதற்குரிய அட்டைகள் லியோனிலிருந்து வரவில்லை. நம்மூர் டிசைன்காரர் கட்டம் போட்ட கிராப் தாளை விரித்து, ஒரு கட்டம் ஓர் இழையென்று கணக்கிட்டு, கோயில் தூணில் கண்ட அன்னத்தைப் பென்சிலால் கட்டங்களில் நிரப்பினார். அதைப் பார்த்து வரி வரியாக அட்டை குத்தினார். குத்திய அட்டைகளை நூல் கொண்டு வரிசையாகக் கோத்து மாலைபோல் தறிக்கு மேலே தொங்கவிட்டார். ஒரு துளை பிசகிவிட்டால், முந்தியில் வரும் ஒவ்வொரு மயிலுக்கும் அலகில் ஒரு புள்ளி குறையும். தறிக்காரர் அதைக் கண்டு சொன்னவுடன், பிசகிய துளையின் மேல் காகிதம் ஒட்டி அடைத்து, சரியான இடத்தில் வேறு துளை குத்தி, அன்று மாலைக்குள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். யந்திரம் பிரெஞ்சுக்காரருடையது, அட்டை ஆரணியாருடையது. புவிசார் குறியீடு பெற்றுள்ள ஆரணிப் பட்டு என்பது அந்த வாக்கியத்தின் பிற்பாதியினால் உண்டானது. பெட்டியோடு அட்டைகளும் முத்திரையிட்டு வந்திருந்தால், பிரெஞ்சுப் பூக்களையே நெய்து, அந்தப் பூக்களுக்குச் சந்தை போனவுடன் தறியையும் பிரித்துப் போட்டிருப்போம்.

ஸேகா இங்கே வந்த அதே 1995ஆம் ஆண்டில், பட்டு நெசவில் நம்மூருக்குப் பெரிய அண்ணன் என்று சொல்லத்தக்க ஜப்பானியக் கியோட்டோ நகரத்திலும் ஒரு வீடியோ கேம் யந்திரம் பிறந்து தோற்றது. அக்கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டில் கியோட்டோ நிர்வாகம், நிஷிஜின் பகுதி நெசவாளர் மூவரை லியோனுக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கற்றுவரச் செய்தது. அதே கியோட்டோவில் 1889ஆம் ஆண்டில் பூப்படச் சீட்டுக்கட்டு செய்யும் சிறு கடையாகத் தொடங்கியதுதான் நின்டென்டோ. அங்கே சீட்டுக்கட்டு யந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு 1965ஆம் ஆண்டில் சேர்ந்த குன்பெய் யோகோய் என்ற கியோட்டோக்காரர், பிற்காலத்தில் ‘கேம் பாய்’ என்ற கையடக்க யந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்தவர். பழகிப்போய் மலிவாகிவிட்ட ஒரு தொழில் நுட்பத்தை எடுத்து, அதற்கு முன் எவரும் எண்ணாத ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துவதே அவர் கடைப்பிடித்த நெறி. அந்த யோகோய் 1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ‘வர்ச்சுவல் பாய்’ என்ற யந்திரத்தை வெளியிட்டார்.

முகத்தைப் பொருத்தி உள்ளே பார்க்கும் இரட்டைக் கண்ணாடிப் பெட்டி அது. ஒவ்வொரு கண்ணுக்கும், ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்திய 224 சிவப்பு விளக்குப் புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு வரிசை. அதன் முன்னே ஒரு சிறு கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இப்புறமும் அப்புறமும் ஆடி, அந்த ஒற்றை வரிசையை 384 இடங்களில் பக்கம் பக்கமாகப் பதித்து முழுப் படமாக்கும். வரிசை மாறுந்தோறும் எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்ற கட்டளை மாறிக்கொண்டே வரும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்று நெய்யும் ஊரார்க்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கண்ணுக்கும் சிறிது வேறுபட்ட படங்களைக் காட்டுவதால், காட்சி ஆழம் கொண்டு தோன்றும். சிவப்பைத் தவிர வேறு நிறமில்லை. மற்ற நிற விளக்குகளுக்கு அன்று செலவு மிகுதி. மேஜையின்மேல் காலூன்றி நின்ற அந்தப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தவர்கள் தலைவலி என்றார்கள், கழுத்துவலி என்றார்கள், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பார்க்க முடியவில்லை என்றார்கள். எட்டு லட்சம் பெட்டிகள்கூட விற்கவில்லை. மொத்தம் 22 ஆட்டங்களே வெளிவந்தன. ஜப்பானில் அவ்வாண்டு முடிவதற்குள்ளும், அமெரிக்காவில் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அது நின்றுபோயிற்று. யோகோய் 1996ஆம் ஆண்டில் கம்பெனியை விட்டு விலகினார். 1997ஆம் ஆண்டில் ஒரு சாலை விபத்தில் காலமானார்.

வியாபாரக் கணக்கில் இது பெருந்தோல்வி. ஆயினும் அந்தத் தோல்வியின் பாடம் முழுதும் கியோட்டோவிலேயே தங்கியது. எந்த நிறம் கண்ணைக் களைப்படையச் செய்கிறது, எந்தக் கோணத்தில் கழுத்து வலிக்கிறது, தனியாக ஆடும் ஆட்டத்தை மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதெல்லாம், செய்தவர் கையில் அனுபவமாகச் சேர்ந்தன. 2011ஆம் ஆண்டில் அதே கம்பெனி, கண்ணாடி எதுவும் அணியாமல் ஆழத்தைக் காட்டும் திரையோடு, கையில் பிடித்து விளையாடும் ஒரு யந்திரத்தை வெளியிட்டு, அதை உலகமெங்கும் விற்றது. ஒரு கருவியை உண்டாக்கித் தோற்றவனுக்குத் தோல்வியும் ஆஸ்தி. வாங்கி விற்றுத் தோற்றவனுக்கு மிஞ்சுவது விலைபோகாத சரக்கு. ஸேகா நம் நாட்டில் தோற்றபோது நாம் கற்றது ஒன்றுமில்லை. கற்பதற்குரிய இடத்தில் நாம் அமர்த்தப்படவில்லை என்பதே அதன் காரணம்.

முப்பது வருஷங்கள் கழிந்தும் இந்த நிலைமை மாறவில்லை என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. தறிக்குழியில் கால் வைத்திருக்கும் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை ஆடும் செல்போன் ஆட்டம், அன்றைய பசைப் பொட்டைப் போலவே மூடிக் கிடக்கிறது. ஆட்டங்களைப் பற்றி நம் சட்டசபையும் பத்திரிகைகளும் பேசியதெல்லாம் பெரும்பாலும் தடையைப் பற்றியே. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களால் குடும்பங்கள் நாசமானபடியால், 2022ஆம் ஆண்டில் தமிழகச் சட்டசபை நிறைவேற்றிய சட்டமும், 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் அவசியமானவையே. அவற்றை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் தடுப்பதோடு அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. கோயில் மண்டபத் தரையிலே ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைச் செதுக்கி, மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் பலம் சரிசமமாக வரும்படி விதி வகுத்த ஒரு ஜனசமூகத்துக்கு, ஆட்டம் படைக்கும் புத்தி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது.

தறியிலும் இதே அபாயம் இப்போது வாசற்படிக்கு வந்து நிற்கிறது. அட்டைகளை அகற்றிவிட்டு, டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து நினைவுச் சில்லின் மூலம் கொக்கிகளுக்குக் கட்டளையிடும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகள் நெசவு ஊர்களில் பரவி வருகின்றன. அட்டை குத்தும் சிரமம் குறைகிறது, புது டிசைன் விரைவில் தறியேறுகிறது. நெசவாளியின் முதுகும் கண்ணும் மிச்சப்படுமானால் அதை மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சில்லை நிரப்புகிறவர் யார் என்று இன்றே கேட்டாக வேண்டும். டிசைன் எங்கோ வெளியூரில் வரையப்பட்டு, பூட்டிய கோப்பாக வந்து சேர்ந்து, ஆரணியிலுள்ள ஒருவராலும் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்ற நிலை ஏற்படுமானால், நம் தறி அன்றைய மெகா டிரைவாக ஆகிவிடும்; நெய்பவர் ஆடுபவராக மட்டும் மிஞ்சுவார்.

ஆகையால் என் யோசனை இது. அரசுப் பள்ளிகளில் இப்போது உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையமும், சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன. ஆரணியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இவை சேர்ந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மாலை, கிராப் தாளில் புட்டா வரைவதையும், அதே கட்டங்களைக் கொண்டு கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிறு உருவத்தை நடக்கச் செய்வதையும் ஒரே பாடமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய யந்திரம் தேவையில்லை. மெகா டிரைவுக்கே இன்றும் உலகின் பல பாகங்களில் ஆர்வலர்கள் இலவசக் கருவிகளைக் கொண்டு புதிய ஆட்டங்கள் எழுதுகிறார்கள்; 2010ஆம் ஆண்டில் ‘பியர் ஸோலார்’ என்ற முழு நீளக் கதை ஆட்டமே அதற்குக் கேசட்டாக வெளிவந்தது. யோகோயின் நெறிப்படி பார்த்தால் பழகி மலிவான யந்திரமே கற்பதற்கு உத்தமமானது. அதன் எல்லை சிறிது, உள்ளே நடப்பதனைத்தையும் ஒரு மாணவன் மனத்தில் வாங்கிக்கொள்ள முடியும்.

அதற்கு இணையாக இன்னொரு காரியமும் நடக்க வேண்டும். எலெக்ட்ரானிக் பெட்டி வந்த வீடுகளில் பழைய அட்டைக் கட்டுகள் அடுப்புக்கும் எடைக்கும் போகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அன்னங்களும் யாளிகளும் அவற்றோடு போகின்றன. நகரத்து நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கி, அந்த அட்டைகளை வாங்கி வைத்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து, துளைகளைக் கணக்கிட்டு, எவரும் எடுத்துப் பயன்படுத்தும் கோப்புகளாக மாற்றி வைக்கலாம். காயலான் கடைகளில் கிடக்கும் பழைய கேம் பெட்டிகளுக்கும் அந்த அறையிலேயே ஓர் அலமாரி கொடுத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்துக் கற்கப் பிள்ளைகளுக்கு வசதியாகும். செலவு அதிகமில்லை, கைத்தறித் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால் வரும் கல்வியாண்டிலேயே ஆரணியில் ஒரு பள்ளியில் தொடங்கிவிடலாம். அட்டை குத்திய பெரியவர்கள் சிலர் இன்னும் கண்பார்வையோடும் கைத்திடத்தோடும் நம்மிடையே இருக்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க அவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும், அதற்கு மரியாதையான சம்பளமும் கொடுக்க வேண்டும்.